கனெக்டட் என்று காட்டுகிறது

2010 வாக்கில் வி.பி.என். வேலை செய்யவில்லை என்றால் ஆள் மடிக்கணினியோடு நேரில் வந்துவிடுவார். பழைய மகாபலிபுரம் சாலையில் இருந்த ஓர் அலுவலகத்தின் தரைத்தளத்தில், சர்வர் அறையை ஒட்டி எங்கள் ஹெல்ப் டெஸ்க் இருந்தது. வெளிநாட்டு வாடிக்கையாளரின் நெட்வொர்க்குக்குள் நுழைய வி.பி.என். ஒன்றுதான் வாசல். அது திறக்காவிட்டால் அன்றைய வேலை அப்படியே நிற்கும். வருகிறவர் நின்றுகொண்டே, "நேத்து வரைக்கும் நல்லாத்தான் சார் இருந்துச்சு" என்பார். எங்கள் சீனியர் முதலில் ஒரு நாற்காலியை இழுத்துப் போடுவார். அப்புறம்தான் கேட்பார்: "வி.எம். ஏதாச்சும் புதுசா போட்டீங்களா?"

பெரும்பாலும் போட்டிருப்பார்கள். அதில் குற்றம் ஒன்றுமில்லை. வாடிக்கையாளரின் மென்பொருள் பழைய விண்டோஸில் ஓடும்; இவருடைய மேசையில் இருப்பதோ விண்டோஸ் 7. இரண்டு கணினி கேட்டால் யார் கொடுப்பார்கள்? கணினிக்குள்ளேயே இன்னொரு கணினியை எழுப்பிக்கொள்வதுதான் வழி. விஎம்வேர் 1999-லேயே மேசைக் கணினிக்கு அதைக் கொண்டுவந்துவிட்டது. 2007-இல் விர்ச்சுவல்பாக்ஸ் திறந்த மூலமாக வந்த பிறகு காசு கொடுக்கவும் தேவையில்லாமல் போனது. இறக்கி, நாலு முறை 'நெக்ஸ்ட்' அழுத்தினால் போதும். அந்த 'நெக்ஸ்ட்'களுக்கு நடுவில் கணினிக்குப் புதிதாக நெட்வொர்க் அட்டைகள் முளைக்கும். கையில் தொட முடியாத, மென்பொருளால் ஆன அட்டைகள். விஎம்வேர் இரண்டை வைக்கும்: விஎம்நெட் 1, விஎம்நெட் 8. விர்ச்சுவல்பாக்ஸ் ஒன்றை வைத்து அதற்கு 192.168.56.1 என்று முகவரியும் கொடுத்துவிடும்.

சீனியர் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில்தான் தொடங்குவார். கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து 'ரூட் பிரிண்ட்' என்று அடிப்பார். கறுப்புத் திரையில் வரிசை வரிசையாக எண்கள் இறங்கும். ஐந்து பத்திகள்: எந்த நெட்வொர்க், எந்த மாஸ்க், எந்த கேட்வே, எந்த அட்டை, எவ்வளவு மெட்ரிக். பென்சிலின் பின்பக்கத்தைத் திரையில் வைத்து ஒவ்வொரு வரியாக வாய்விட்டுப் படிப்பார். வந்தவரையும் கூடவே படிக்கச் சொல்வார். அவர் டெவலப்பராக இருந்தாலும் சரி, மேனேஜராக இருந்தாலும் சரி.

ஒருநாள் ஒரு பையனோடு அப்படிப் படித்தது இன்னும் நினைவிருக்கிறது. வி.பி.என். போட்டிருந்த வரி: 192.168.0.0, மாஸ்க் 255.255.0.0, போகும் வழி சுரங்கம். அதாவது 192.168 என்று தொடங்குகிற எல்லாமே வாடிக்கையாளரின் இடத்துக்குப் போகவேண்டும். நாலு வரி தள்ளி இன்னொன்று: 192.168.56.0, மாஸ்க் 255.255.255.0, கேட்வே பத்தியில் 'ஆன்-லிங்க்'. இது வி.எம். மென்பொருள் போட்ட வரி. அந்தப் பையனுக்குத் திறக்காத டெஸ்ட் சர்வரின் முகவரி 192.168.56.40.

"இப்ப நீங்களே சொல்லுங்க தம்பி, இந்த 40 எந்தப் பக்கம் போவும்?"

தம்பி யோசித்து, மெட்ரிக் குறைவாக இருக்கும் பக்கம் என்றான். சீனியர் தலையாட்டவில்லை. டிக்கெட் அச்சிட்ட தாளின் பின்பக்கத்தைத் திருப்பி எழுதிக் காட்டினார். இரண்டு வரிகள் பொருந்தினால் எது குறுகலான வட்டமோ அதுதான் ஜெயிக்கும். 16 பிட் பொருந்துவதைவிட 24 பிட் பொருந்துவது குறுகல். மெட்ரிக்கைப் பார்ப்பது இரண்டும் சமமாக இருந்தால் மட்டுமே. ஆகவே அந்த 40 வாடிக்கையாளரிடம் போகவே போகாது. கணினிக்குள்ளேயே இருக்கும் அந்தக் கற்பனை அட்டையின் வாசலில் போய், பதில் சொல்ல ஆளில்லாமல் நிற்கும். வி.பி.என். பழுதில்லை, வி.எம். பழுதில்லை, சர்வரும் பழுதில்லை. விர்ச்சுவல்பாக்ஸின் அமைப்பில் 56-ஐ வேறு எண்ணாக மாற்றினார், சர்வர் திறந்தது. எதையும் நீக்கவில்லை.

இப்படி மோதுவதற்கு அடிப்படைக் காரணம் 1996 பிப்ரவரியில் வந்த ஆர்.எஃப்.சி. 1918 என்ற ஆவணத்தில் இருக்கிறது. இன்டர்நெட்டின் ஐ.பி.வி.4 முகவரிகள் மொத்தமே சுமார் 430 கோடி. எல்லா அலுவலகக் கணினிக்கும் தனி முகவரி கொடுத்துக் கட்டுப்படியாகாது என்று மூன்று துண்டுகளை எல்லாருக்கும் பொதுவென்று ஒதுக்கினார்கள்: 10 என்று தொடங்குவது, 172.16 முதல் 172.31 வரை, 192.168 என்று தொடங்குவது. யாரிடமும் கேட்காமல் யாரும் உள்ளுக்குள் வைத்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டில் எந்த ஊருக்குப் போனாலும் ஒரு காந்தி தெரு இருக்கிறதே, அதுபோல. ஊர் வேறாக இருக்கும்வரை பிரச்சினை இல்லை. வி.பி.என். என்பது இரண்டு ஊரை ஒட்டி ஒரே ஊராக்குகிற வேலை. நடுவில் வி.எம். மென்பொருள் மூன்றாவதாக ஒரு காந்தி தெருவைப் போட்டுவிட்டால், தபால் பக்கத்துத் தெருவுக்குத்தான் போகும்.

அன்றைக்கு இதுபோன்ற நுணுக்கமான மோதல்கள் குறைவு. பெரும்பாலானவை வெளிப்படையாக உடைந்துவிடும். விண்டோஸ் 7-இல் நெட்வொர்க் அடுக்குக்குள் உட்காரும் ஃபில்டர் டிரைவர்களுக்கு ஒரு வரம்பு இருந்தது. இயல்பாக 8. விண்டோஸின் சொந்த டிரைவர்கள் சில அதில் இடம் பிடித்திருக்கும். ஆன்டிவைரஸ் ஒன்று, ஃபயர்வால் ஒன்று என்று ஏறும். வி.எம். மென்பொருளின் பிரிட்ஜ் டிரைவரும் ஏறிய பிறகு வி.பி.என்.-க்குப் புதுப் பதிப்பு வரும். அதன் டிரைவர் உட்கார இடமிருக்காது. திரையில் வருவது, விர்ச்சுவல் அடாப்டரை இயக்க முடியவில்லை என்பது மட்டும்தான். வரம்பைப் பற்றி ஒரு சொல்கூட இருக்காது. ரெஜிஸ்ட்ரியில் 'மேக்ஸ்நம்ஃபில்டர்ஸ்' என்ற மதிப்பை 14 வரை உயர்த்தலாம் என்பது தெரிந்தவருக்கு அது சின்ன வேலை. தெரியாதவர் விண்டோஸையே அழித்து மறுபடி போடுவார்.

இன்னொன்று அதைவிடப் பிடிபடாதது. வி.எம்.முக்கு இன்டர்நெட் வேண்டும் என்று, வைஃபை அட்டையின் பண்புகளில் 'ஷேரிங்' பக்கம் போய், மற்றவர்கள் இந்த இணைப்பைப் பயன்படுத்தலாம் என்ற கட்டத்தில் டிக் போட்டிருப்பார்கள். விண்டோஸ் 7 உடனே கற்பனை அட்டைக்கு 192.168.137.1 என்று முகவரி கொடுத்து, கணினியையே ஒரு சின்ன ரவுட்டராக்கிவிடும். அதற்குப் பிறகு நாங்கள் பயன்படுத்திய வி.பி.என். மென்பொருள் திறக்கவே மறுக்கும். காரணமாக அது காட்டுவது, 'இன்டர்பிராசஸ் கம்யூனிகேஷன் டிப்போ'வை உருவாக்க முடியவில்லை என்பது. அதைப் படித்துவிட்டு 'ஷேரிங்' பக்கத்தில் இருக்கும் டிக்கை யார் நினைப்பார்கள்? சீனியருக்குத் தெரிந்திருந்தது. அட்டைகளின் பட்டியலைத் திறந்து ஒவ்வொன்றாகப் பண்புகளைப் பார்த்து, டிக்கை எடுத்துவிட்டு, வந்தவரிடம் அந்த இடத்தைக் காட்டி, "அடுத்த தடவை இங்க நீங்களே பாத்துக்கலாம்" என்பார். நான் அந்தத் தொழிலைக் கற்றுக்கொண்டது அந்த ஒரு பழக்கத்தில்தான். சரிசெய்தது எப்படி என்று தெரியாமல் யாரையும் அவர் எழுந்து போகவிட்டதில்லை.

2020 மார்ச் 25-ஆம் தேதி ஊரடங்கு வந்தது. அதையொட்டிய நாட்களில் அலுவலகக் கணினிகள் வேனில் ஏறி வீடுகளுக்குப் போயின. நாற்காலியை இழுத்துப் போட்டுப் பேசிய ஹெல்ப் டெஸ்க் அன்றோடு முடிந்தது. இப்போது டிக்கெட் மட்டும் வரும். வருகிற டிக்கெட்டும் மாறிவிட்டது. அன்றைக்குக் கனெக்ட் ஆகவில்லை என்பார்கள். இன்றைக்கு வி.பி.என். பச்சை விளக்கு எரிகிறது, கனெக்டட் என்று காட்டுகிறது, ஆனால் ஏதோ ஒன்று மட்டும் திறப்பதில்லை. அன்று உடைந்தது உடைந்ததாகவே தெரிந்தது. தேடும் வேலை அதனால் எளிது.

வி.எம். போட்டீர்களா என்ற கேள்வியும் பயனற்றுப் போயிற்று. போட்டவருக்கே போட்டது தெரியாது. டபிள்யூ.எஸ்.எல். 2 என்று 2020 மே மாதம் விண்டோஸ் 10-இல் வந்ததே, விண்டோஸுக்குள் லினக்ஸ், அது ஹைப்பர்-வி நுட்பத்தின்மேல் ஓடும் அசல் வி.எம்.தான். பயன்படுத்துகிறவர் கண்ணுக்கு அது ஒரு டெர்மினல். 2017-இல் வந்த ஒரு விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து ஹைப்பர்-வி தானாகவே 'டிஃபால்ட் ஸ்விட்ச்' ஒன்றை உருவாக்கிவிடுகிறது. அதன் முகவரி கணினியை அணைத்துப் போட்டால் மாறக்கூடியது. திங்கட்கிழமை 172.20-இல் உட்கார்ந்து அலுவலகச் சர்வர்களை மறைக்கும். செவ்வாய்க்கிழமை வேறிடம் போய்விடும். ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடுகிறது என்று பலர் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். சரியானது ஏன் என்று தெரியாததால் அடுத்த வாரம் மறுபடி வரும்.

டாக்கர் 2013-இல் வந்தது. கண்டெய்னர் என்பது வி.எம். ஆகாது, உண்மை. ஆனால் நெட்வொர்க் விஷயத்தில் வி.எம். செய்த அதே வேலையை இன்னும் தாராளமாகச் செய்கிறது. நிறுவியவுடன் 172.17.0.0/16 என்று அறுபத்தைந்தாயிரம் முகவரிகள் கொண்ட துண்டை எடுத்துக்கொள்ளும். ஒவ்வொரு புது பிராஜெக்டுக்கும் 172.18, 172.19 என்று 172.31 வரை போய், அதுவும் தீர்ந்தால் 192.168-க்குள் இறங்கும். பெரிய நிறுவனங்கள் பல தங்கள் சர்வர்களை வைத்திருப்பதும் இதே 172-க்குள்தான்.

எங்களோடு வேலை பார்க்கும் ஒரு பெண் அம்பாசமுத்திரத்தில் வீட்டிலிருந்து வேலை செய்கிறாள். உபுண்டு போட்ட மடிக்கணினி. சர்வர் ஒன்று திறக்கவில்லை என்று அவள் போட்ட டிக்கெட்டுக்கு வந்த பதில், வி.பி.என்.-ஐ நீக்கி மறுபடி நிறுவு என்பது. நிறுவினாள், மாற்றமில்லை. அடுத்த பதில், டாக்கரை நீக்கு. அவள் வேலையே டாக்கரில்தான். அப்போதுதான் எனக்குக் கூப்பிட்டாள்.

"வி.பி.என். கனெக்ட் ஆயிட்டுன்னுதான் காட்டுது அண்ணே. மெயில் வருது, விக்கி வருது. பில்ட் சர்வர் மட்டும் வரமாட்டேங்கு."

"புதுசா ஏதாச்சும் போட்டியாம்மா?"

"ஒண்ணும் போடலையே. நேத்து சாயங்காலம் வி.பி.என்.-அ ஆஃப் பண்ணிட்டு இன்னொரு பிராஜெக்ட்டை டாக்கர் கம்போஸ்ல எழுப்பிப் பாத்தேன். அவ்ளோதான்."

பில்ட் சர்வரின் முகவரி 172.18-இல் தொடங்கும். பிங் அடித்து வருவதை வாசிக்கச் சொன்னேன். டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள் என்றாள். அதைச் சொல்வது யார், வரியின் தொடக்கத்தில் என்ன முகவரி இருக்கிறது என்று கேட்டேன். 172.18.0.1. அது யாருடையது என்று தேடச் சொன்னேன். தன் கணினியின் முகவரிகளைப் பட்டியலிட்டு மேலிருந்து கீழாக வாசித்துக்கொண்டே வந்தாள். பி.ஆர். என்று தொடங்கி, பின்னால் பன்னிரண்டு எழுத்தும் எண்ணுமாகப் புரியாத ஒரு பெயர். அதற்கு நேரே அதே முகவரி.

"அண்ணே, இது என் லேப்டாப்புதான்!"

சர்வர் கிடைக்கவில்லை என்று இத்தனை நேரம் பதில் சொல்லிக்கொண்டிருந்தது அவளுடைய கணினியே. பாக்கெட் அம்பாசமுத்திரத்து வீட்டை விட்டு வெளியே வரவில்லை. வி.பி.என். 172.16.0.0/12 என்று அகலமாக ஒரு வழி போட்டிருந்தது, டாக்கர் 172.18.0.0/16 என்று குறுகலாக ஒன்று. குறுகலானது ஜெயித்தது. தம்பிக்குத் தாளின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டிய அதே கணக்கு. அங்கே 24-க்கும் 16-க்கும், இங்கே 16-க்கும் 12-க்கும்.

நேற்றுவரை வேலை செய்தது எப்படி என்று அவளே கேட்டாள். நல்ல கேள்வி. புது பிராஜெக்டுக்கு முகவரித் துண்டு எடுக்கும்போது, கணினியில் அந்த நேரத்தில் இருக்கும் வழிகளோடு மோதாததைத்தான் டாக்கர் எடுக்கும். ஆனால் மாலையில் வி.பி.என். அணைந்திருந்தது, அதனால் 172.18 யாருடையதும் இல்லை என்று தோன்றியது. காலையில் வி.பி.என். வந்தபோது அந்தத் துண்டு ஏற்கெனவே போய்விட்டது. கண்டெய்னர்களை நிறுத்தினாலும் அந்த நெட்வொர்க் போகாது. கம்போஸில் 'டவுன்' கொடுத்தால்தான் கலையும். கொடுத்தாள். ஃபோனில் அவள் குரல் மாறியதிலேயே பில்ட் சர்வர் வந்துவிட்டது தெரிந்தது.

நிரந்தரமாகச் சரிசெய்ய டாக்கரின் டீமன்.ஜேசன் கோப்பில் ஒரு சிறு பத்தி போதும். எங்கள் அலுவலகமும் வாடிக்கையாளரும் தொடாத 192.168.192.0/19 என்ற துண்டைக் கொடுத்து, அதை /24 அளவில் வெட்டிக்கொள் என்று எழுதினோம். 32 நெட்வொர்க் கிடைக்கும். ஒரு டெவலப்பருக்குத் தாராளம். வீட்டு ரவுட்டர்கள் வழக்கமாக 192.168.0, 192.168.1 என்று இருப்பதால் அவற்றோடும் மோதாது. டாக்கரை மறுதொடக்கம் செய்த பிறகும் பழைய நெட்வொர்க்குகள் பழைய முகவரியிலேயே இருக்கும். அவற்றைக் கலைத்து மறுபடி எழுப்ப வேண்டும். இதைச் சொல்லாமல் விட்டால், மாற்றியும் பலனில்லை என்று கோப்பைப் பழையபடி ஆக்கிவிடுவார்கள்.

எல்லாச் சிக்கலும் முகவரி மோதல் என்று சொல்ல வரவில்லை. டபிள்யூ.எஸ்.எல். 2-க்குள் பெயர்கள் முகவரியாக மாறாமல் நிற்பது வேறு சங்கதி. பெயர் கேட்கும் கேள்வி விண்டோஸ் பக்கத்துக் கற்பனை அட்டைக்குப் போகும், வி.பி.என். அந்த வழியை அடைத்திருக்கும். 2023-இல் விண்டோஸ் 11-க்கு வந்த மிரர்ட் நெட்வொர்க்கிங், டி.என்.எஸ். டனலிங் இரண்டும் இதற்கு நல்ல பரிகாரம். பிங் போகும், பெரிய கோப்பு மட்டும் பாதியில் தொங்கும் என்றால் பாக்கெட் அளவைப் பார்க்க வேண்டும். டாக்கரின் பிரிட்ஜ் 1500 பைட் என்று நினைத்து அனுப்பும். வி.பி.என். சுரங்கம் தன் தலைப்பையும் சேர்க்க வேண்டியிருப்பதால் அதைவிடக் குறைவாகத்தான் கொள்ளும். வயர்கார்டில் இயல்பு அளவு 1420. இன்னும் சில வி.பி.என். மென்பொருள்கள், கணினியின் வழிப் பட்டியலைத் தாங்கள் எழுதியபடியே இருக்கிறதா என்று காவல் காக்கும். வேறு மென்பொருள் ஒரு வரி சேர்த்தால் இணைப்பையே அறுத்துவிடும். ஒவ்வொன்றுக்கும் அடையாளம் வேறு. ஆனால் எல்லாவற்றையும் அந்தக் கறுப்புத் திரையில் பார்க்கலாம். பார்க்காமல் நீக்கு, மறுபடி போடு என்று சொல்லும் பதிலைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

பாதுகாப்புக்காகச் சொல்கிறோம் என்பார்கள். அலுவலகக் கணினியில் கண்டதையும் போடக்கூடாது என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் டாக்கரும் டபிள்யூ.எஸ்.எல்.லும் இன்று வேலைக்குத் தேவையானவை. நிறுவனமே கேட்டு வாங்கிப் போட்டுத் தருகிறது. அப்படியிருக்க, எந்த முகவரித் துண்டுகள் அலுவலகத்துடையவை என்ற பட்டியல் நெட்வொர்க் குழுவின் எக்ஸெல் கோப்பில் பூட்டிக் கிடப்பானேன்? மடிக்கணினியைத் தயார்செய்து அனுப்பும்போதே அந்த டீமன்.ஜேசன் பத்தியைச் சேர்த்து அனுப்பினால், அம்பாசமுத்திரத்தில் ஒரு பெண் அரை நாள் வேலையை இழந்து மேலாளருக்கு விளக்கம் எழுத வேண்டியதில்லை. வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்களுக்குப் பக்கத்து மேசை கிடையாது. திறக்காத சர்வர் அவர்களுடைய அலட்சியமாகக் கணக்கில் ஏறிவிடுகிறது. அதிலும் வேலைக்குச் சேர்ந்து ஓராண்டுகூட ஆகாதவர்கள், தங்களுக்குத்தான் ஒன்றும் தெரியவில்லை என்று நினைத்து வாய் திறப்பதே இல்லை.

இதையெல்லாம் எழுதி நெட்வொர்க் குழுவுக்கு அனுப்பினேன். முகவரிப் பட்டியலை உள்விக்கியில் போட்டுவிட்டார்கள். புது மடிக்கணினிகளில் டாக்கர் பத்தி சேர்ந்தே வருகிறது. டிக்கெட் படிவத்தில் வழிப் பட்டியலை ஒட்டுவதற்கு ஒரு கட்டம் சேர்ந்திருக்கிறது: விண்டோஸ் என்றால் ரூட் பிரிண்ட், லினக்ஸ் என்றால் ஐபி ரூட். அந்தக் கட்டத்தை நிரப்பாமல் 'நீக்கி மறுபடி போடு' என்று டிக்கெட்டை மூட முடியாதபடி செய்ய வேண்டும் என்பதுதான் மிச்சமிருக்கும் கோரிக்கை. அடுத்த கூட்டத்தில் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பெண்ணையும் கூட்டத்துக்கு அழைக்கச் சொல்லியிருக்கிறேன். அவள் குழுவில் இப்போது இதுமாதிரி டிக்கெட்டுகளை அவள்தான் பார்க்கிறாள்.